சேதாரம்

ஒரு பள்ளியின் கணினி அறை உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அங்கே எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று கேட்க வேண்டியதில்லை. கீபோர்டைப் பார்த்தால் போதும். பிள்ளைகள் புழங்குகிற அறையில் ஸ்பேஸ் பார் வழவழவென்று தேய்ந்திருக்கும். அம்புக்குறி விசைகளில் ஒன்று கழன்று தொங்கும். ஏதோ ஒரு மவுஸின் வயரில் யாரோ இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். புழங்காத அறையில், கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை நாலு வருஷம் கழித்தும் மானிட்டர் மேல் அப்படியே இருக்கும். சுவரில் திறப்பு விழாப் புகைப்படம், கதவில் பூட்டு.

இரண்டாவது அறையைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. வரிப்பணம் இப்படிக் கிடக்கிறதே என்று தோன்றுகிறது. ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் கையில் இருக்கும் காகிதங்களின்படி குற்றமே இல்லாத அறை அதுதான். வாங்கிய பத்தும் இருக்கின்றன, எண் சரியாக இருக்கிறது, எதுவும் உடையவில்லை. பிள்ளைகள் புழங்கிய முதல் அறையைப் பற்றித்தான் கேள்வி வரும். அந்த மவுஸ் எப்படிக் கெட்டது? ஒன்பது கீபோர்டுதானே இருக்கிறது, பத்தாவது எங்கே?

பள்ளிக்குக் கணினி வாங்குவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறோம். எந்த பிராசஸர், எவ்வளவு ரேம் என்பதெல்லாம் அப்புறம். ஒரு பொருள் தேயாமல் இருப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குகிறோமா, அது பயன்படுவதற்குப் பொறுப்பாளி ஆக்குகிறோமா? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடைமுறையில் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும்.

*

நான் நாமக்கல் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்தவன். இப்போது பெங்களூருவில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். எல்லாச் செட்டுக்கும் இருப்பதுபோல எங்கள் செட்டுக்கும் ஒரு வாட்ஸப் குழு உண்டு. சம்பளம் கொஞ்சம் நிலைப்பட்ட பிறகு அப்படிப்பட்ட குழுக்களில் தவறாமல் வருகிற யோசனை ஒன்று: “நம்ம ஸ்கூலுக்கு ஏதாச்சும் பண்ணணும்டா.” அந்த ‘ஏதாச்சும்’ பெரும்பாலும் கணினியில் போய் முடியும். நமக்குச் சோறு போடுவதை மற்றவர்களுக்கும் கொடுக்கத் தோன்றுவது இயல்புதானே. 2022 டிசம்பரில் தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு முன்னாள் மாணவர்கள் முறைப்படி கொடுக்க ஒரு வழியும் இருக்கிறது. குழுவில் ஆளுக்கொரு கான்ஃபிகரேஷன் அனுப்பினார்கள். ஐ-3 போதுமா, ஐ-5 வேண்டுமா என்று இரண்டு நாள் ஓடியது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவன் என்பதால் பள்ளிக்கு நேரில் போய்க் கேட்டுவரும் வேலை எனக்கு வந்தது.

தலைமையாசிரியர் பிராசஸரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏற்கெனவே பத்து இருக்குது தம்பி” என்று பீரோவைத் திறந்து சாவியைத் தேடினார். அறையைத் திறந்து காட்டினார். எல்லாம் சுத்தமாக, துணி போர்த்தி, வரிசையாக இருந்தன. எவ்வளவு நேரம் திறந்திருக்கும் சார் என்று கேட்டேன். அவர் சுற்றிவளைக்கவில்லை.

“ஒரு மவுஸ் காணாமப் போச்சுன்னா எனக்கு மெமோ வரும் தம்பி. வருஷம் பூரா பூட்டியே கெடந்தா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு ஆகறேன். நீயே சொல்லு, நான் எதைப் பண்றது?”

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் பள்ளிகளிலிருந்து விலையில்லா மடிக்கணினிகள் திருடுபோனபோது, அந்தத் தொகையைத் தலைமையாசிரியரே கட்ட வேண்டும் என்று கேட்கப்பட்டதும், அதை எதிர்த்து ஆசிரியர்கள் முறையிட்டதும் செய்திகளாக வந்திருக்கின்றன. ஓய்வுபெறும் ஆசிரியருக்குத் தணிக்கைத் தடை என்றால் என்னவென்று ஆசிரியர் வீட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி சரியாக இல்லையென்றால் முப்பது வருஷ சர்வீஸின் கடைசிப் பணம் நிற்கும். அந்த நிலையில் பூட்டுதான் அறிவுள்ள முடிவு.

அறநூல்கள் காலங்காலமாகப் பேசும் ஒரு வேறுபாடு இது: செய்ததால் வரும் கேடு, செய்யாமல் விட்டதால் வரும் கேடு. முதலாவதற்கு முகம் உண்டு. உடைந்த மானிட்டரைக் கையால் தொட்டுக் காட்டலாம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி வருஷம் முழுக்க ஒருமுறைகூட மவுஸைத் தொடவில்லை என்பதை எங்கே தொட்டுக் காட்டுவது? நம்முடைய பதிவேடுகள் முதல் வகைக் கேட்டை மட்டுமே பார்க்கத் தெரிந்தவை. அதனால் அவை நேர்மையான மனிதர்களை இரண்டாவது வகைக் கேட்டை நோக்கித் தள்ளுகின்றன.

*

ஆச்சரியம் என்னவென்றால், இந்தச் சமவெளியில் வேறு எந்தத் தொழிலும் இப்படிக் கணக்கு எழுதுவதில்லை.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். குஞ்சு வாங்கும்போதே இத்தனை சதவீதம் சாகும் என்று கணக்கில் எழுதித்தான் ஆரம்பிப்பார். அதோடு, குஞ்சின் விலை அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. முட்டையின் அடக்க விலையில் அறுபது முதல் எழுபது சதவீதம் தீவனம். குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டுவிட்டு தீவனத்துக்குப் பணமில்லை என்று நிற்பவரைப் பண்ணைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சங்ககிரியில் லாரி வைத்திருப்பவரோ, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவரோ வண்டி விலையோடு நிறுத்துவதில்லை. டயர், டீசல், எப்.சி., டிரைவர் படி என்று ஓடுகிற செலவைத்தான் முதலில் பேசுவார். டயர் தேயாமல் ஓட்டு என்று எந்த முதலாளியும் டிரைவரிடம் சொன்னதில்லை. டயர் தேயவில்லை என்றால் வண்டி ஷெட்டில் நிற்கிறது என்று பொருள்.

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே புழங்கும் ஒரு சொல் இந்தக் கட்டுரைக்கே ஆதாரம்: சேதாரம். வெள்ளியை உருக்கி, இழுத்து, ராவி, மெருகேற்றும்போது கொஞ்சம் போகும். அது திருட்டில்லை, கவனக்குறைவும் இல்லை. பொருள் உருவாவதன் விலை. கொடுப்பவரும் வாங்குபவரும் அதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்கிறார்கள். சேதாரமே கூடாது என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு ஆசாரி வெள்ளிக்கட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். எடை குறையாது. கொலுசும் வராது.

நம் பள்ளிகளில் நடப்பது இதுதான். கட்டி அப்படியே இருக்கிறது.

*

அரசுக்கு இது தெரியாதா என்றால், ஒரு காகிதத்தில் தெரிந்திருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் (சமக்ர சிக்ஷா) 2018ல் வந்தபோது, ஒரு பள்ளியின் கணினிக் கூடத்துக்கு ஒருமுறைச் செலவாக 6.40 லட்சம் ரூபாய் வரையும், தொடர்செலவாக ஆண்டுக்கு 2.40 லட்சம் வரை ஐந்தாண்டுகளுக்கும் என்று வரையறுத்தார்கள். தொடர்செலவைக் கூட்டினால் 12 லட்சம். அதாவது மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, கணினி வந்து இறங்கிய பிறகு ஆகும் செலவு: இணையம், மின்சாரம், உதிரிகள், பயிற்றுநர் சம்பளம். நாமக்கல் பண்ணைக்காரரின் தீவனக் கணக்கும் டெல்லிக் கோப்பின் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன.

ஆனால் காகிதத்தில் இருப்பது ஊருக்கு வந்து சேர்வது வேறு. ஒருமுறைச் செலவு ஒரே நாளில் நடக்கிறது. அதற்கு விழா உண்டு, புகைப்படம் உண்டு. தொடர்செலவு வருஷா வருஷம் யாரோ ஒருவர் நினைவில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய விஷயம். 2024-25ல் தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான தகராறில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய இந்தத் திட்டத்தின் 2,150 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிதியை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. அந்த அரசியலில் யார் சரி என்பதற்கு நான் இங்கே போகவில்லை. கணினி தகராறு தெரியாமல் மேசையில் உட்கார்ந்திருக்கும், அதற்குத் தீவனம் போடும் பணம் மட்டும் நிற்கும் என்பதைச் சொல்ல வருகிறேன்.

நம்முடைய வரலாறு முழுக்கவே வாங்கிய எண்ணிக்கைகளின் வரலாறு. 1984ல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தன. 2004ல் ஒன்றிய அரசின் ஐ.சி.டி. திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுக்க, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்குப் போனது. அப்புறம் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். 2024ல் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்ற அறிவிப்பு. இந்த எண்களை நான் கேலிக்குச் சொல்லவில்லை. என் தலைமுறையில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அந்த அரசு மடிக்கணினிதான். ஆனால் எண்கள் எல்லாமே ‘கொடுத்தோம்’ என்பதில் முடிகின்றன. கொடுத்தது மூன்றாம் வருஷம் என்ன ஆனது என்பதற்கு அதே உரத்த குரலில் சொல்லப்பட்ட ஓர் எண்ணை நான் கேட்டதில்லை.

*

பூட்டி வைத்தால் பொருளாவது மிஞ்சுமா? அதுவும் மிஞ்சாது.

யூபிஎஸ்ஸில் இருப்பது ஈய-அமில பேட்டரி. அது 25 டிகிரி வெப்பத்துக்கு ஏற்றபடி கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சித்திரை மாதத்தில் ஜன்னலை மூடிப் பூட்டிய அறையின் வெப்பத்தை சேலம், நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த பேட்டரி தானாகவே செத்துவிடும். மதர்போர்டில் நாணய அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் கணினியின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று பிரவுசர் எந்த இணையதளத்தையும் திறக்காது. “நெட் போச்சு, சிஸ்டம் போச்சு” என்று அறையையே மூடுவார்கள். தேவைப்பட்டது ஒரு டீ, வடை காசு.

அதோடு காலம் என்ற தேய்மானம் ஒன்று இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 சில ஆண்டுகளுக்கு முந்தைய பிராசஸர்களை ஏற்காது. உறை பிரிக்காத கணினியும் அன்றைக்குக் கிழமாகிவிட்டது. லினக்ஸ் போட்டு இன்னும் பல வருஷம் ஓட்டலாம். போட்டுத் தர ஆள் இருந்தால். தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்தால் அது காத்திருக்கும். கணினி காத்திருக்காது. அதன் வாழ்நாள், யாராவது தொட்டாலும் தொடாவிட்டாலும், ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கணினி 40,000 ரூபாய் என்று வையுங்கள். வாரத்துக்கு நாலு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம், வருஷத்துக்கு 40 வாரம், ஐந்து வருஷம். மொத்தம் சுமார் 530 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 75 ரூபாய். அதே அறை வாரத்துக்கு 25 பீரியட் திறந்திருந்தால் மணிக்கு 12 ரூபாய். டெண்டரில் பேரம் பேசிப் பத்தாயிரம் குறைத்து 30,000க்கு வாங்கிப் பூட்டி வைத்தால்? மணிக்கு 56 ரூபாய். அதாவது, கொள்முதல் குழு உட்கார்ந்து மிச்சப்படுத்துவதைவிடப் பல மடங்கு பணம் அந்தச் சாவியில் இருக்கிறது.

நேரத்தையும் பார்ப்போம். 400 பிள்ளைகள், பத்துக் கணினி, வாரத்துக்கு நாலு பீரியட். நாற்பது இருக்கை. ஒரு பிள்ளைக்குப் பத்து வாரத்துக்கு ஒருமுறை முறை வரும். அதுவும் பத்தும் ஓடினால். இருவராக உட்கார வைக்கலாம். அப்போது மவுஸ் யார் கையில் இருக்கும்? 2000களின் நடுவில் பெங்களூருவில் இருந்த மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தினர் கிராமப்புறப் பள்ளிகளில் இதைத்தான் கவனித்தார்கள். ஒரு கணினியைச் சுற்றிப் பல குழந்தைகள், மவுஸைப் பிடித்திருப்பது ஒருவர், மற்றவர்கள் வேடிக்கை. ஒரே கணினியில் பல மவுஸ்களை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிற அம்புக்குறி தரும் ‘மல்டிபாயின்ட்’ என்ற ஏற்பாட்டை அவர்கள் செய்தார்கள். புதிய கணினி வாங்காமல், மலிவான மவுஸ்களை வைத்து, எத்தனை பேர் கை படுகிறது என்ற கேள்விக்கு ஒரு பதில். வாங்குவதைத் திட்டமிடுவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான்: பிள்ளையின் கையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது.

*

இந்த இடத்தில் டெண்டர் முறையைத் திட்டுவது சுலபம். எல்-1, அதாவது தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. 1998ல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்று தனிச் சட்டமே வந்தது. அது வந்ததற்குக் காரணம் உண்டு. ‘நல்ல பொருள்’ என்ற பெயரில் மச்சான் கடையில் வாங்கியவர்களை இந்த நாடு பார்த்திருக்கிறது. விலை என்பது எல்லோரும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய ஒரே எண். நம்பிக்கை குறைந்த இடத்தில் எண்ணுக்கு மதிப்பு கூடும்.

ஆனால் எண்ணாக எழுத முடிந்ததை மட்டுமே அந்த முறையால் பார்க்க முடியும். மலிவின் உச்சத்தை நாம் பார்த்தோம். 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட்டுக்கு அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். உலகிலேயே மலிவு என்றார்கள். அழுத்தினால்தான் கேட்கும் திரை, சீக்கிரம் தீரும் பேட்டரி என்று கையில் வாங்கியவர்கள் சலித்துக்கொண்டார்கள். அதற்கு முன் நிகோலஸ் நெக்ரோபான்டியின் ‘நூறு டாலர் லேப்டாப்’. பெரு நாடு அதை லட்சக்கணக்கில் வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2012ல் வந்தபோது, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகள் மேம்பட்டதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. விலை உயர்ந்தால் விஷயம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013ல் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 130 கோடி டாலர் திட்டம் போட்டு, அடுத்த ஆண்டே நிறுத்திக்கொண்டது.

இதோடு ஒரு பழைய பொருளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: சைக்கிள். தமிழ்நாட்டில் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் பின்னர் பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பொதுவாக விரிந்தது. பிகாரில் 2006ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் கூடியது என்று 2017ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அமர்த்தியா சென் பொருளையும் அதனால் ஒருவர் எதைச் செய்ய முடிகிறது என்பதையும் பிரித்துக் காட்டும்போது எடுத்துக்கொண்ட உதாரணமும் சைக்கிள்தான். சைக்கிள் கொடுப்பது நோக்கமில்லை, போய்வர முடிவதுதான் நோக்கம். சைக்கிள் ஏன் வேலை செய்தது, கணினி ஏன் தடுமாறுகிறது? எனக்குத் தோன்றும் விடை ரொம்பச் சாதாரணமானது. சைக்கிளைக் கொடுத்தபோது ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே ஒரு பஞ்சர் கடை இருந்தது. வீட்டில் யாருக்காவது செயின் மாட்டத் தெரிந்திருந்தது. அரசு கொடுத்தது பாதிதான்; மீதிப் பாதியை ஊர் ஏற்கெனவே வைத்திருந்தது. கணினிக்கு அந்த மீதிப் பாதியையும் நாம்தான் வாங்க வேண்டும். கேரளத்தில் அப்படி வாங்கினார்கள். பள்ளிக்கு ஓர் ஐ.டி. பொறுப்பாசிரியர், 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்கள், கட்டற்ற மென்பொருள் என்று, பொருளைச் சுற்றி ஆட்களை வளர்த்தார்கள். அங்கே குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சர் கடையைத் திட்டத்துக்குள்ளேயே கட்டினார்கள்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு பழமொழி உண்டு. பள்ளிக்கு வரும் கணினியை யாரும் கேள்வி கேட்காததற்கு இந்த மனநிலையும் ஒரு காரணம். சும்மா வந்ததுதானே. ஆனால் அது தானமில்லை, அந்தப் பிள்ளையின் அப்பா தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டிய வரி. முன்னாள் மாணவர்கள் கொடுப்பதும்கூட முழுத் தானமில்லை. வாங்கிக்கொள்ளும் பள்ளி ஐந்து வருஷத்துக்கு ஒரு கடமையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. கழித்துக்கட்டும் நாள் வரும்போது ‘கண்டம்’ பண்ண யாரிடம் எழுதிக் கேட்பது என்பதுவரை அந்தக் கடமை நீளும். கொடுப்பவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படிப் பார்த்தால், பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமை வாங்குகிறவருக்கு நிச்சயம் உண்டு. அதற்கு இடம் கொடுப்பதுதான் கொடுப்பவரின் மரியாதை.

*

இங்கே எனக்கே பதில் கடினமான ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அந்த மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென்டாரோ டோயாமா, பின்னாளில் 2015ல் எழுதிய நூலில் தொழில்நுட்பம் எதையும் புதிதாகச் செய்வதில்லை, ஏற்கெனவே இருப்பதைப் பெருக்கிக் காட்டும் என்றார். நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளியில் கணினி அவரைப் பெரிதாக்கும். மதிப்பெண்ணே உயிர் என்று ஓடும் பள்ளியில் கணினி அறை சேர்க்கை விளம்பரத்தின் ஒரு பக்கமாகும். எங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்ட பக்கங்கள் நிறைய உண்டு. யாருமே இல்லாத பள்ளியில் பூட்டாகும். அப்படியென்றால் எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பது ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பெருக்கும். இருக்கிற இடத்துக்கே கொடுப்பது அநியாயம். கொடுக்காமலே விடுவது அதைவிட அநியாயம். பணமுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும்.

இதிலிருந்து முழுதாக வெளியே வரும் வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாங்கும் வரிசையை மாற்றலாம். முதலில் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பது. அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்காகவே விடப்பட்டிருக்கிறது என்று கேட்பது. எமிஸ் இணையதளத்தில் தகவல் ஏற்றும் வேலை போக மிச்சமுள்ள நேரம். அதன் பிறகு பழுதானால் எத்தனை நாளில் யார் வருவார். அதன் பிறகு மின்சாரம். கடைசியில்தான் கணினி, கிடைத்த விடைகள் தாங்கும் அளவுக்கு மட்டும். ஆறு கணினி தாங்கும் பள்ளிக்கு இருபது கொடுப்பது தாராளம் இல்லை.

இந்த வரிசையோடு ஒரு பத்தியும் வேண்டும், பதிவேட்டில்: சேதாரம். என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பிழைக்கான பட்ஜெட். ஒரு சேவை 99.9 சதவீதம் இயங்க வேண்டும் என்று முடிவு செய்தால், மாதத்துக்கு 43 நிமிடம் அது நின்றுபோக அனுமதி உண்டு என்று அர்த்தம். அந்த 43 நிமிடம் செலவாகாமலே இருந்தால் பொறியாளர்களைப் பாராட்டுவதில்லை. புதிதாக எதையும் முயலாமல் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். எங்கள் அலுவலகத்தில் ஒரு மடிக்கணினி கெட்டால் டிக்கெட் போடுகிறோம், வேறு வருகிறது. யாரும் எங்களைத் திருடனாகப் பார்ப்பதில்லை. மாதச் சம்பளம் லட்சத்தில் வாங்குகிற எனக்குக் கிடைக்கும் இந்த நம்பிக்கை, அறுநூறு ரூபாய் மவுஸுக்காக ஒரு தலைமையாசிரியருக்குக் கிடைப்பதில்லை. சேதாரமே கூடாது என்ற கட்டளையை நாம் எப்போதும் நம்பாதவர்களுக்குத்தான் இடுகிறோம்.

சேதாரத்தில்தான் ஏமாற்றும் நடக்கும் என்பீர்கள். உண்மைதான். நகைக்கடைக்குப் போன எந்த அம்மாவும் இதைச் சொல்வார். சேதாரம் பத்து சதவீதம் என்று எழுதினால் சரியாகப் பத்து சதவீதம் காணாமல் போகும் பள்ளிகளும் இருக்கும். அதற்குப் பதிலாக, அறை எத்தனை மணி நேரம் திறந்தது, எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்தார்கள் என்பதையும் அதே பதிவேட்டில் கேட்கலாம். அதையும் பொய்யாக எழுத முடியும். கணினியை ஆன் பண்ணி வைத்துவிட்டு மணிக்கணக்கு காட்ட முடியும். எந்த எண்ணும் அந்த அறையில் நிற்கும் ஓர் ஆளுக்கு ஈடாகாது. ஆனாலும் இரண்டு பொய்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், திறந்த அறையைச் சுற்றி நடக்கும் பொய்யை நான் எடுத்துக்கொள்வேன். அதில் எங்காவது ஒரு பிள்ளை உட்கார்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

எங்கள் குழுவில் கடைசியில் புதுக் கணினி எதுவும் வாங்கவில்லை. சிலருக்கு வருத்தம்தான், கொடுத்ததற்குப் படம் எடுக்க எதுவும் இல்லை. சேர்ந்த பணத்தில் இருக்கிற பத்துக் கணினிக்கும் எஸ்எஸ்டி மாற்றினோம், யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டோம், பக்கத்து ஊரில் டிப்ளமோ முடித்த ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை வர ஏற்பாடு செய்தோம். மீதியை, மவுஸோ கீபோர்டோ போனால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதற்கென்று ஒதுக்கினோம். அதைத் தலைமையாசிரியரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“சரி தம்பி. ஆனா இதை நான் எந்த ரிஜிஸ்டர்ல எழுதறது?” என்றார்.

அப்படி ஒரு ரிஜிஸ்டர் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.